இலவசமாக ஆன்லைன் வகுப்பு: ஓபிஎஸ்ஸா, ஜூமா, மீட்டா, ஜிட்சியா, பிக்புளூபட்டனா?

"ஆன்லைன்ல வகுப்பு எடுக்கணும், கையில காசு இல்ல, எந்த சாப்ட்வேர் நல்லா இருக்கும்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டால், ஒருவர் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்பார், இன்னொருவர் கூகுள் மீட் போதுமே என்பார். இரண்டு பேருமே தங்களுக்குச் சரிவந்ததைத்தான் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இவை இரண்டும் ஒரே வேலைக்கான கருவிகள் இல்லை. ஓபிஎஸ், யூடியூப் லைவ் போன்ற தளம் வழியாக உங்களிடமிருந்து மாணவர்களுக்கு ஒளிபரப்பத் துணைசெய்வது. மீட் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதற்கானது; ஜூம், ஜிட்சி, பிக்புளூபட்டன் மூன்றும் இந்த வகைதான். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இறங்குபவர்கள்தான் இரண்டு வாரம் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு, வேறொன்றுக்கு மாறி, அங்கேயும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

## எதை வைத்து அளப்பது?

தாமதம். மாணவர் வாயைத் திறந்ததிலிருந்து உங்கள் காதில் விழும்வரை எவ்வளவு நேரம்? மீட்டிங் செயலிகளில் இது பெரும்பாலும் அரை நொடிக்குள் முடியும். யூடியூப் லைவில் ஐந்து நொடியிலிருந்து அரை நிமிடம் வரை போகலாம். காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் ஒரு கணக்கை வரிவரியாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "இங்க ஏன் மைனஸ் வந்துச்சு?" என்ற கேள்வி நீங்கள் மூன்றாவது வரியைத் தாண்டிய பிறகு வந்து சேர்ந்தால், எந்த மைனஸைக் கேட்கிறார்கள் என்று தேடுவதிலேயே வகுப்பு நின்றுவிடும். என்னைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

மாணவரின் டேட்டா. உங்களுக்கு இலவசம் என்றால் அவர்களுக்கும் இலவசம் என்று ஆகிவிடாது. ஒரு சுலபமான கணக்கு உண்டு: நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை 0.45 ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி என்று வரும். நொடிக்கு 2500 கிலோபிட் வீடியோ என்றால் மணிக்குச் சுமார் 1125 எம்பி. அதே வகுப்பை 64 கிலோபிட் ஒலியாக மட்டும் கேட்டால் 30 எம்பிகூட ஆகாது. அம்மாவின் போனில் வகுப்பு கேட்கும் பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

எழுத்தின் தெளிவு. உங்கள் முகம் கொஞ்சம் மங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுக்குக்குறியில் இருப்பது 2 ஆ 3 ஆ என்று தெரியாவிட்டால் பாடமே போச்சு.

அப்புறம் பதிவு, நேர வரம்பு, அந்நியர் நுழையாமல் தடுப்பது, நீங்கள் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரம். இவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

| | ஓபிஎஸ் + யூடியூப் லைவ் | ஜூம் (இலவசம்) | கூகுள் மீட் (இலவசம்) | ஜிட்சி மீட் | பிக்புளூபட்டன் |
|---|---|---|---|---|---|
| மாணவர் பேச முடியுமா | சாட் மட்டும் | முடியும் | முடியும் | முடியும் | முடியும் |
| தாமதம் | பல நொடிகள் | மிகக் குறைவு | மிகக் குறைவு | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| நேர வரம்பு | கிட்டத்தட்ட இல்லை | 40 நிமிடம் | மூவர் முதல் 60 நிமிடம் | குறுகிய வரம்பு இல்லை | சொந்த சர்வரில் இல்லை |
| எத்தனை பேர் | எத்தனை பேரும் | 100 | 100 | சிறு வகுப்புக்கு நல்லது | சர்வரின் வலுவைப் பொறுத்தது |
| பதிவு | தானாகச் சேமிக்கும் | கணினியில் மட்டும் | இல்லை | ஓபிஎஸ்ஸால் எடுப்பது நல்லது | உண்டு |
| மறைவான செலவு | தயாரிப்பு நேரம், அப்லோடு வேகம் | நடுவில் அறுபடுவது | பதிவுக்கு வேறு வழி தேடுவது | ஒவ்வொரு முறையும் பூட்டுப் போடுவது | சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் |

இலவசக் கணக்கின் வரம்புகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றும். முடிவெடுக்கும் நாளில் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## ஓபிஎஸ் + யூடியூப் லைவ்

ஓபிஎஸ் ஸ்டூடியோ திறமூல மென்பொருள், அதாவது மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது. 2012 இல் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாட்டர்மார்க், நேர வரம்பு, "இந்த வசதிக்குப் பணம் கட்டுங்கள்" என்ற தொல்லை எதுவும் இல்லை. இலவசம் என்ற சொல்லுக்கு இந்தப் பட்டியலிலேயே மிக நேர்மையாக நடந்துகொள்வது இதுதான்.

இதன் பலம் 'சீன்' என்ற ஏற்பாடு. ஒரு சீனில் உங்கள் முகம். இன்னொன்றில் நோட்டுப் புத்தகத்துக்கு மேலே தொங்கவிட்ட போன் கேமரா. மூன்றாவதில் ஸ்லைடும் மூலையில் சின்னதாக உங்கள் முகமும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாட்கீ (விசைப்பலகைக் குறுக்குவிசை) வைத்துவிட்டால், பேசிக்கொண்டே ஒரே அழுத்தில் மாற்றலாம். பேப்பரில் பேனாவால் எழுதிக் காட்டி நடத்துபவர்களுக்கு இது பெரிய வரம். டிஜிட்டல் பலகையில் மவுஸால் கிறுக்குவதைவிட ஆயிரம் மடங்கு தெளிவாக இருக்கும்.

யூடியூப் பக்கத்திலும் நல்லவை உண்டு. மாணவர் பார்ப்பதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. அவர் இணைப்பின் வேகத்துக்கு ஏற்ப வீடியோவின் தரம் தானாக இறங்கும், ஏறும். 144பி என்ற மிகக் குறைந்த தரம் வரை இறங்கினாலும் ஒலி நிற்காமல் வரும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த நேரலை தானாகவே சேனலில் சேமிக்கப்படும். தாமதமாக வந்த மாணவர் பின்னால் இழுத்துத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். இருபது பேரோ இரண்டாயிரம் பேரோ, உங்கள் கணினியிலிருந்து ஒரே ஓட்டம்தான் மேலே போகிறது. பரப்பும் பாரம் யூடியூபுடையது.

இனி செலவுகள். முதல் செலவு உங்கள் நேரம். ஓபிஎஸ்ஸை முதன்முதலில் திறந்தால் கறுப்புத் திரை மட்டும்தான் இருக்கும். ஒலியைத் தவிர எதையும் அது தானாக எடுத்துக்கொள்ளாது. கேமரா, திரை என ஒவ்வொன்றையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, ஒரே மைக்கை இரண்டு இடத்தில் சேர்ப்பது: செட்டிங்ஸில் பொதுவாக ஒருமுறை, சீனுக்குள் தனியாக ஒருமுறை. குரல் குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

கீழே ஓடும் ஸ்டேட்டஸ் பட்டையைப் படிக்கவும் பழக வேண்டும். ஃபிரேம்கள் விடுபடுகின்றன என்று அங்கே வந்தால் உங்கள் அப்லோடு போதவில்லை, பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் கிலோபிட் அளவை, குறையுங்கள். என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலை) திணறுகிறது என்று வந்தால் இணையத்தின் மேல் பழியில்லை, கணினி மூச்சு வாங்குகிறது. 1080பியிலிருந்து 720பிக்கு இறங்குங்கள், கிராபிக்ஸ் கார்டில் என்கோடர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பி, புது இணைய இணைப்பு வாங்கும் அளவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்கு 720பி, நொடிக்கு 30 ஃபிரேம், 2500 கிலோபிட் போதும். அப்லோடு வேகம் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

திரையைக் காட்டும்போது 'டிஸ்ப்ளே கேப்ச்சர்' போட்டால் முழுத் திரையும் போகும். வீட்டிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும் சேர்ந்தே போகும். 'விண்டோ கேப்ச்சர்' எடுத்து, பாடம் இருக்கும் ஜன்னலை மட்டும் காட்டுங்கள். விண்டோஸில் பிரவுசர் ஜன்னல் கறுப்பாகத் தெரிந்தால், அதே இடத்தில் கேப்ச்சர் முறையை விண்டோஸ் 10 முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

யூடியூப் பக்கச் செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். நேரலை வசதியை முதன்முதலில் இயக்கும்போது 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். நாளை காலை வகுப்பு, இன்று இரவு சேனல் என்று திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். போனிலிருந்தே நேரலை போக ஐம்பது சந்தாதாரர்களாவது வேண்டும். சாட்டில் எழுத மாணவருக்குக் கூகுள் கணக்கு தேவை. 'குழந்தைகளுக்கானது' என்று குறித்துவிட்டால் சாட்டே இருக்காது. நீங்கள் விளம்பரம் வைக்காவிட்டாலும் யூடியூப் வைக்கலாம். 'அன்லிஸ்டட்' (தேடலில் காட்டாமல் வைப்பது) என்பது பூட்டு இல்லை. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் பார்க்கலாம். சிறுபிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நடத்தும் வகுப்பு என்றால், இதை ஒன்றுக்கு இரண்டுமுறை யோசியுங்கள்.

தாமதத்தைக் குறைக்க 'அல்ட்ரா லோ லேட்டன்சி' இருக்கிறது. ஐந்து நொடிக்குள் வரும். ஆனால் மாணவரின் இணைப்பு சுமாராக இருந்தால் அடிக்கடி நின்று நின்று ஓடும். வலுவில்லாத இணைப்புள்ள வகுப்புக்குச் சாதாரண தாமதத்தையே வைத்துக்கொள்வது மேல்.

## ஜூமும் மீட்டும்

இவற்றுக்கு அறிமுகம் தேவையில்லை, மாணவர்களுக்கும் தேவையில்லை. அதுவே பெரிய நன்மை. லிங்க் அனுப்பினால் வந்துவிடுவார்கள்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், நூறு பேர். வெயிட்டிங் ரூம் உண்டு, மாணவர்களைச் சிறு குழுவாகப் பிரிக்கும் அறைகள் உண்டு, கணினியில் பதிவும் செய்யலாம். நாற்பதாவது நிமிடத்தில் மூடிக்கொள்ளும். மீண்டும் திறந்து, எல்லாரும் நுழைந்து, "சார் கேக்குதா?" முடிந்து பாடத்துக்குத் திரும்ப ஐந்தாறு நிமிடமாவது போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், பாதி விளக்கத்தில் அறுபட்ட கவனம். பாடமே 35 நிமிடம்தான் என்றால் இந்தப் பேச்சே இல்லை, ஜூம் அருமையான தேர்வு. பாட்டு, வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாதாரண மீட்டிங்கில் இரைச்சல் நீக்கி உங்கள் நீண்ட கார்வையையே இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்கினால் ஒலி உள்ளபடியே போகும்.

மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம். ஆக, ஒரே மாணவருக்குத் தனி வகுப்பு எடுப்பவர் வேறெதையும் தேடவே வேண்டாம். கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை, பிரவுசரிலேயே ஓடும். பதிவு, குழு அறை, வருகைப் பட்டியல் இவை இலவசக் கணக்கில் கிடையாது. பதிவு வேண்டுமென்றால் பக்கத்தில் ஓபிஎஸ்ஸைத் திறந்து, ஒளிபரப்பாமல் ரெக்கார்டு மட்டும் செய்யலாம். மாணவர்களின் குரலும் அதில் விழும். முன்கூட்டியே சொல்லி, சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

## ஜிட்சி மீட்

இதுவும் திறமூலம். மாணவர் எந்தக் கணக்கும் இல்லாமல், பெயரை மட்டும் தட்டி நுழையலாம். பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் மட்டும் 2023 முதல் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் கணக்குகளில் ஒன்றால் உள்நுழைய வேண்டும். நாற்பது நிமிடக் கத்திரி இல்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கடைசி ஆள் வெளியேறியதும் அறை கலைந்துவிடும். நேற்று போட்ட பாஸ்வேர்டு இன்று இருக்காது. அறைக்கு 'கணிதம்' என்று எளிதான பெயர் வைத்தால், அதே பெயரைத் தட்டும் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். யாரும் ஊகிக்க முடியாத நீண்ட பெயர் வையுங்கள், ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் லாபியை (நீங்கள் அனுமதித்த பிறகே உள்ளே விடும் காத்திருப்பு அறை) இயக்குங்கள். பத்துப் பதினைந்து பேர் வகுப்புக்கு நன்றாக ஓடும். ஐம்பதைத் தாண்டினால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## பிக்புளூபட்டன்

மற்றவை அலுவலகக் கூட்டத்துக்கோ ஒளிபரப்புக்கோ செய்யப்பட்டு, பிறகு வகுப்பறைக்கு வந்தவை. இது மட்டும் பாடம் நடத்துவதற்கென்றே 2007 இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அந்த வித்தியாசம் பயன்படுத்தும்போது தெரியும். நீங்கள் ஏற்றும் ஸ்லைடு வீடியோவாகப் போவதில்லை. ஒவ்வொரு பக்கமும் படமாக மாணவரிடம் போய்ச் சேர்கிறது, அதன்மேல் நீங்கள் போடும் கோடுகள் மட்டும் தகவலாகப் பின்னால் போகின்றன. அதனால் இணைப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுத்து மங்காது, டேட்டாவும் மிகக் குறைவு. வெள்ளைப் பலகையில் மாணவர்களையும் எழுதவிடலாம், நடுவில் வாக்கெடுப்பு வைக்கலாம், எல்லாரும் சேர்ந்து குறிப்பு எழுதலாம், யார் எவ்வளவு பங்கெடுத்தார் என்றும் பார்க்கலாம். பள்ளி, கல்லூரிகள் பாடங்களை நிர்வகிக்கப் பயன்படுத்தும் மூடில் என்ற மென்பொருளின் 4.0 பதிப்பு முதல் இது அதற்குள்ளேயே வருகிறது.

இவ்வளவு இருந்தும் தனி ஆசிரியர் ஒருவருக்கு இதைச் சொல்லத் தயங்குகிறேன். மென்பொருள் இலவசம், அதை ஓட்டும் சர்வர் கணினி இலவசம் இல்லை. ஒழுங்காக ஓட எட்டு கோர் பிராசஸர், 16 ஜிபி ரேம், உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவிய தனி சர்வர் வேண்டும். காலை வகுப்புக்கு முன் அது மக்கர் செய்தால் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பள்ளியோ கல்லூரியோ, பத்து ஆசிரியர்கள் சேர்ந்த பயிற்சி மையமோ என்றால் அந்தச் செலவு பிரிந்துவிடும். அப்போது இதைவிட நல்ல வகுப்பறை இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே மூடில் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் இந்த வசதி இருந்தும் ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை.

## ஓபிஎஸ்ஸையும் மீட்டிங்கையும் சேர்த்தால்?

ஓபிஎஸ்ஸில் 'விர்ச்சுவல் கேமரா' என்று ஒரு பொத்தான் உண்டு. 2020 இல் வந்தது. அதை அழுத்திவிட்டு ஜூமிலோ மீட்டிலோ கேமராவாக அதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் அமைத்த சீன்கள் மீட்டிங்குக்குள் போகும். நோட்டுக்கு மேல் கேமரா, மாணவருடன் நேருக்கு நேர் பேச்சு, இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். பேனாவால் எழுதிக் கணக்கு நடத்துபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மீட்டிங் செயலிகள் கேமரா வீடியோவை முகம் என்று எண்ணித்தான் சுருக்குகின்றன. அசைவு தடைபடாமல் இருக்கத் தெளிவைப் பலிகொடுக்கும். அதனால் சின்ன எழுத்து நிரம்பிய ஸ்லைடை இந்த வழியில் அனுப்பாதீர்கள். அதற்கு மீட்டிங்கின் திரைப் பகிர்வே சரி. நோட்டில் எழுதுவதென்றால் தடித்த பேனாவால், பக்கத்துக்கு ஏழெட்டு வரி மட்டும் எழுதுங்கள். இரண்டு, உங்களுக்குத் தெரியும் சொந்த வீடியோ கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியலாம். எழுத்து தலைகீழாகிவிட்டதே என்று ஓபிஎஸ்ஸில் திருப்பிவிட்டால் மாணவர்களுக்குத்தான் தலைகீழாகப் போகும். அப்படியே விடுங்கள்.

## யாருக்கு எது?

ஒருவருக்கு ஒருவர் வகுப்பு: மீட். யோசிக்க ஒன்றுமில்லை.

பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் பேச வேண்டிய மொழி வகுப்பு போன்றவை: 35 நிமிடத்தில் முடியும் என்றால் ஜூம், இழுக்கும் என்றால் ஜிட்சி அல்லது ஒரு மணி நேர மீட்.

கணக்கு, இயற்பியல், ஓவியம் என்று கையால் செய்து காட்டுபவை: ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமராவோடு மீட் அல்லது ஜூம்.

நூற்றுக்கு மேல் மாணவர், பெரும்பாலும் நீங்கள்தான் பேசுகிறீர்கள்: ஓபிஎஸ்ஸும் யூடியூபும். ஆனால் இங்கே ஒரு கேள்வியை மனதார யோசித்துப் பார்க்கச் சொல்வேன். மாணவர் பேசவே போவதில்லை என்றால், அந்த ஒரு மணி நேரம் ஏன் நேரலையாக இருக்க வேண்டும்? பாடத்தை ஓபிஎஸ்ஸில் பதிவு செய்து முந்தின நாளே கொடுத்துவிடலாம். மாணவர் தன் வசதிப்படி, நிறுத்தி நிறுத்தி, புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். அடுத்த நாள் ஜூமில் அரை மணி நேரம் சந்தேகத்துக்கு மட்டும் உட்காருங்கள். 40 நிமிட வரம்பு உறுத்தாது, அப்லோடு வேகம் பற்றிய பயம் இல்லை, கரண்ட் போனாலும் பாடம் போகாது, டேட்டா குறைவாக உள்ளவர் குறைந்த தரத்தில் பதிவைப் பார்த்துக்கொள்வார். காசில்லாமல் நடத்தும் வகுப்புகளுக்கு இதுவே மிகப் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து. அப்படிப் பதிவு செய்யும்போது ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் சேமியுங்கள். நடுவில் கணினி அணைந்தால் வழக்கமான எம்பி4 கோப்பு திறக்கவே திறக்காமல் போகலாம்; எம்கேவியில் அதுவரை பேசியது தப்பிக்கும். பிறகு ஃபைல் மெனுவில் உள்ள 'ரீமக்ஸ்' மூலம் சில நொடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வகுப்புக்கு முந்தின நாள் ஓர் ஒத்திகை வையுங்கள். வீட்டில் உள்ள பழைய போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் மாணவராக நுழையுங்கள். அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் பாருங்கள். அடுக்குக்குறி படிக்க முடிகிறதா, குரலுக்குப் பின்னால் மின்விசிறி கேட்கிறதா, போன் செட்டிங்ஸில் எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி எண்ணை ஆறால் பெருக்கி, ஒரு மணி நேர வகுப்புக்கு இவ்வளவு ஆகும் என்று மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.